டல்ஹௌசி சதுக்கத்துக்கு அரை நாள் கொடுங்கள்

மாணவர்களைக் கல்கத்தாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆசிரியப் பெருமக்களே,



நாற்பது ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அவர்களைப் பெற்றவர்களின் கவலையையும் தலைமையாசிரியரின் கட்டளைகளையும் சேர்த்துச் சுமந்தவண்ணம், சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயில் ஏறுவது எத்தகைய பொறுப்பு என்பதை, அதே தொழிலில் காலங்கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் நன்கு அறிவேன். காளிகட்டத்தில் தரிசனம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா ஞாபக மண்டபம், இந்தியன் மியூசியம், ஹௌரா பாலம் என்று நீங்கள் வகுத்து வைத்திருக்கும் நிகழ்ச்சி நிரலில் குறை காண்பதும் என் நோக்கமன்று. ஒவ்வோர் இடமும் பிள்ளைகள் பார்த்தே தீரவேண்டிய இடந்தான். ஆயினும், விக்டோரியா மண்டபத்திலிருந்து பாலத்தை நோக்கிப் போகும் வழியில், பஸ் ஓட்டுபவர் ‘இதுதான் டல்ஹௌசி’ என்று இடக்கையால் சுட்டிக் காட்டிவிட்டு நிறுத்தாமலே ஓட்டிச் சென்றுவிடுகிற ஒரு சதுக்கத்துக்கு, உங்கள் இரண்டு நாள் நிரலில் அரை நாளையாவது ஒதுக்கித் தரவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்ளவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

பினய்–பாதல்–தினேஷ் பாக் என்பது அந்தச் சதுக்கத்துக்குச் சுதந்திர இந்தியா சூட்டிய பெயர், பி.பி.டி. பாக் என்பது பஸ் பலகைகளில் காணும் சுருக்கம்; டல்ஹௌசி என்பது வெள்ளைக்காரன் போய்த் தலைமுறைகள் கடந்த பின்னும் ஜனங்களின் வாயைவிட்டுப் போகாத பழைய பெயர். நடுவே லால் திகி என்ற ஒரு பெரிய குளம்; அதன் வடக்கே ரைட்டர்ஸ் பில்டிங்; மேற்கே தலைமைத் தபால் நிலையம்; வடகிழக்கு முனையில் ஸ்காட்லாந்துக்காரர்களின் மாதா கோயில்; தெற்கிலும் கிழக்கிலும் பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் எழுப்பிய மாளிகைகள்; தெற்கே சிறிது நடந்தால் கவர்னர் மாளிகை. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவிக்கும் வரையில், இந்தக் குளத்தைச் சுற்றியிருந்த சில கட்டடங்களிலிருந்தே ஒரு துணைக்கண்டம் ஆளப்பட்டது. அழகுக்காக இதைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சரித்திரத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்ற, வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் சொல்லியும் புரியவைக்க முடியாத பாடத்தை, இந்தச் சதுக்கத்தில் அரை நாளில் கண்ணெதிரே காட்டிவிடலாம் என்பதே என் கட்சி.

அந்தப் பாடம் இதுதான்: ஒரு ஞாபகச் சின்னத்தின் முன் நிற்கும் மாணவன், அது எந்தச் சம்பவத்தை நினைவூட்டுகிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதை எந்த ஆண்டில், யார், என்ன காரியத்துக்காக நிறுத்தினார் என்றும் கேட்கப் பழகவேண்டும். முதற் கேள்விக்குக் கல்வெட்டே விடை சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆசிரியர்தான் விடை சொல்லவேண்டும்.

உங்கள் நடையைச் சதுக்கத்திலிருந்து தொடங்காமல், அதற்குத் தென்மேற்கே சில நிமிஷ தூரத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். மகாராஜா நவகிருஷ்ண தேவ் கொடுத்த நிலத்தில், 1784இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அடிக்கல் நாட்ட, 1787இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில் அது. அதன் தோட்டத்தில் எண்கோண வடிவில் கவிகை மாடத்துடன் ஒரு கல்லறை இருக்கிறது. ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரிக்கு அவருடைய மருமகன் சார்லஸ் அயர் எழுப்பியது. உள்ளே பதித்திருக்கும் கருங்கல் பலகையைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். கரும்பச்சை சாயல் ஓடும் அந்தக் கல், வங்காளத்தின் வண்டல் பூமியில் எங்கும் கிடைக்காதது; அது நம் பல்லாவரத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பலகையை ஆராய்ந்து, அதுவரை தனிப் பெயரின்றி இருந்த அந்தப் பாறை வகைக்கு, அதன் அடியில் உறங்குகிறவரின் பெயரைக்கொண்டே சார்னோக்கைட் என்று நாமகரணம் செய்தார். இன்று உலகமெங்கும் பாறையியல் நூல்களில் வழங்கும் அந்தப் பெயர் இங்கே பிறந்தது. பாறையோ பரங்கிமலையிலும் பல்லாவரத்துக் குன்றுகளிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கண்டு மதியாமற்போவது. பரங்கிமலையில் அப்பாறை தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது என்பதையும் சொல்லுங்கள். சென்னையிலிருந்து சென்ற பிள்ளைகளின் முகம் மலருவதைக் காண்பீர்கள்.

அந்த மலர்ச்சியோடு அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இந்தச் சார்னாக் யார்? 1690 ஆகஸ்ட் 24ஆம் நாள் சுதாநுதி என்ற கிராமத்தின் கரையில் வந்திறங்கி, அதனால் கல்கத்தாவைத் ‘தோற்றுவித்தவர்’ என்று நாம் படித்த புத்தகங்கள் சொல்லின. ஆனால் அவர் வந்திறங்குமுன்பே அங்கே கிராமங்கள் இருந்தன, சந்தை இருந்தது, நிலத்துக்கு உடையவர்களும் இருந்தார்கள். சுதாநுதி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று ஊர்களின் வரி வசூலுரிமையை 1698இல் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து கம்பெனி 1,300 ரூபாய் கொடுத்துப் பெற்றது. அக்குடும்பத்தின் வழிவந்தோர் தொடுத்த வழக்கில், நிபுணர் குழுவொன்றின் அறிக்கையை ஏற்று, சார்னாக் கல்கத்தாவின் ஸ்தாபகரும் அல்லர், ஆகஸ்ட் 24 அந்நகரின் பிறந்த நாளும் அன்று என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. கல்லறை பொய் சொல்லவில்லை. ஒரு மருமகன் மாமனாருக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்தான், அவ்வளவே. அந்தக் கல்லறையின்மேல் ஒரு மாநகரத்தின் ஜாதகத்தை எழுதியவர்கள் பிற்காலத்தவர்.

அதே தோட்டத்தில் ஒரு மூலையில் வெண்சலவைக் கல்லாலான கூர்நுனித் தூண் ஒன்று நிற்கிறது. அதை இப்போது சும்மா பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் கதை சதுக்கத்துக்குப் போனபின் சொல்லவேண்டியது.

இனிச் சதுக்கத்துக்குள் நுழைந்து, தலைமைத் தபால் நிலையத்தின் கிழக்குப் பக்கத்துப் படிகளின் அருகே பிள்ளைகளை நிறுத்துங்கள். வால்டர் கிரான்வில் என்ற சிற்பியின் திட்டப்படி 1864இல் தொடங்கி 1868இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கவிகை மாடம் 220 அடி உயரம் எழும்பியிருக்க, எல்லாக் கண்களும் இயல்பாகவே மேலே போகும். நீங்கள் கீழே பார்க்கச் சொல்லுங்கள். படிகளின்மீது ஒரு பித்தளைக் கோடு ஓடுவதைக் காணலாம். காலடிகள் பட்டுப் பட்டுத் தேய்ந்த அந்தக் கோடுதான் பழைய வில்லியம் கோட்டையின் எல்லை. 1696இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை, இன்று மைதானத்தின் அருகே ராணுவத்தின் வசமிருக்கும் கோட்டைக்கு முந்தியது. அக்காலத்தில் ஹூக்ளி நதி அதன் மேற்கு மதிலை ஒட்டி ஓடிற்று. இப்போது நதி விலகிப்போய், நடுவே தெருக்களும் கட்டடங்களும் முளைத்துவிட்டன. அதே காலத்தில் லால் திகிக் குளம் கோட்டைவாசிகளுக்குக் குடிநீர் தந்தது. ஆதியில் அந்தக் கோட்டைக்காகவே அமைந்த முற்றவெளிதான் பிற்காலத்தில் சதுக்கமாயிற்று.

இந்தக் கோட்டையை நவாப் சிராஜுத் தௌலா 1756 ஜூன் 20ஆம் நாள் கைப்பற்றினார். அன்றிரவு நடந்ததாகச் சொல்லப்படும் இருட்டறைத் துயரச் சம்பவத்தை உங்கள் பாடநூல்களும் ஒரு பத்தியில் சொல்லியிருக்கும். அன்று பிடிபட்ட கைதிகளை அடைத்த அறை ஆங்கிலேயர் தம் சிப்பாய்களைத் தண்டிக்க வைத்திருந்த சிறு காவலறை. ஏறக்குறைய 18 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையது. அதில் 146 பேரை அடைத்ததாகவும், விடிந்தபோது 23 பேரே உயிரோடிருந்ததாகவும், பிழைத்தவர்களில் ஒருவரான ஹால்வெல் 1757இல் தாயகம் திரும்பும் கப்பலில் அமர்ந்து எழுதினார். மறு ஆண்டில் அது அச்சேறியது. இந்த இடத்தில் ஒரு சிறு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். புறப்படுமுன் பள்ளி மைதானத்திலேயே செய்துகொண்டாலும் சரி. சுண்ணாம்பால் 18 அடிக்கு 15 அடி ஒரு செவ்வகம் வரைந்து, மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புங்கள். மொத்தம் 270 சதுர அடி. 146 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு சதுர அடிகூட வராது. போலாநாத் சந்தர் என்ற வங்க அறிஞர் மூங்கில் நட்டு இதே அளவு இடத்தை வளைத்து ஆட்களை நிறுத்திப் பார்த்து, ஹால்வெல்லின் கணக்கு பொருந்தாது என்று காட்டினார். பிற்கால ஆராய்ச்சி ஒன்று, 64 பேர் அடைக்கப்பட்டு 43 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. நாற்பத்து மூன்று உயிரும் உயிர்தான். ஓர் அநியாயத்தைச் சிறிதாக்கிக் காட்டுவதற்கன்று இந்தக் கணக்கு. ஓர் அநியாயத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர்களுக்கு அதனால் என்ன காரியம் ஆயிற்று என்று கேட்பதற்கே.

என்ன காரியம் ஆயிற்று என்பதில் நமக்கும் ஒரு பங்குண்டு. கல்கத்தாவை மீட்கத் தளபதிகள் கிளைவும் வாட்ஸனும் புறப்பட்டது சென்னையிலிருந்துதான். 1756 அக்டோபரில் கப்பலேறிய அந்தப் படையில் சுமார் 900 ஐரோப்பியரோடு ஏறத்தாழ 1,500 தென்னாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். 1757 ஜனவரி 2ஆம் நாள் கல்கத்தா மீண்டது. ஜூனில் பிளாசிப் போர் நடந்தது. இருட்டறைக்குப் பழி வாங்கினோம் என்ற பேச்சு, வங்காளத்தையே கைக்கொண்டதற்கு நல்லதொரு போர்வையாயிற்று.

இப்போது அந்த வெண்கல் தூணின் கதைக்கு வரலாம். ஹால்வெல் தாமே செங்கல்லால் ஒரு ஞாபகத் தூண் கட்டினார். கம்பெனியின் அதிகாரம் உறுதிப்பட்டு, பழைய பகைகளைக் கிளறுவதைவிட மறப்பதே லாபம் என்ற காலம் வந்ததும், 1821இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் (வாரன் ஹேஸ்டிங்ஸ் அல்லர், இவர் வேறொருவர்) ஆட்சியில் அது இடித்துத் தள்ளப்பட்டது. எண்பது ஆண்டுகள் சென்றன. ஏகாதிபத்தியத்துக்குத் தன் பெருமையைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆசை மேலிட்ட கர்சன் பிரபுவின் காலத்தில், 1902இல், பழைய இடத்திலேயே சலவைக் கல்லில் புதிய தூண் நிமிர்ந்தது. அந்தப் பித்தளைக் கோடுகளும் அவர் முயற்சியில் பதிக்கப்பட்டவையே. மூன்றே ஆண்டுகளில் அதே கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தூண் யாரை நோக்கிப் பேசிற்று என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கிவிடும். பிறகு 1940. சிராஜுத் தௌலாவின் நினைவைக் களங்கப்படுத்தும் இந்தத் தூணை அகற்றவேண்டுமென்று சுபாஷ் சந்திர போஸ் கிளர்ச்சி தொடங்கினார். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்ற கிளர்ச்சி அது. ஜூலை 3ஆம் நாள் ஊர்வலம் நடத்துவதாக ஏற்பாடு. முந்தின நாளே அவரைக் கைது செய்தார்கள். ஆனால் தூண் தப்பவில்லை. சதுக்கத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, காலையில் நீங்கள் பார்த்த கல்லறைத் தோட்டத்துக்குக் குடிபோயிற்று. சிறையில் உண்ணாவிரதம் இருந்து டிசம்பரில் விடுதலையான போஸ், அடுத்த மாதமே வீட்டுக் காவலிலிருந்து மறைந்து நாட்டைவிட்டுப் போனார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

ஒரே சம்பவம், அதற்கு ஒரு தூண் எழுந்தது, இடிந்தது, மறுபடி எழுந்தது, இடம்பெயர்ந்தது. 1756இல் நடந்ததை அறிய இந்தத் தூண் அவ்வளவாக உதவாது. 1760களையும் 1821ஐயும் 1902ஐயும் 1940ஐயும் அறிய இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

தபால் நிலையத்திலிருந்து வடகிழக்காகத் திரும்பினால், செந்நிறத்தில் 150 மீட்டர் நீளம் பரந்து கிடக்கும் ரைட்டர்ஸ் பில்டிங் கண்ணில் படும். தாமஸ் லயன் என்பவர் 1777இல் கட்டிய போது இதற்கு இந்தச் செந்நிறமும் கிடையாது, சிலைகளும் கிடையாது. சீமையிலிருந்து வந்திறங்கும் பதினாறு பதினேழு வயதுக் கம்பெனி எழுத்தர்கள் தங்கிய வெறும் விடுதி அது. அந்த இளைஞர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க வெல்லெஸ்லி பிரபு 1800இல் நிறுவிய வில்லியம் கோட்டைக் கல்லூரி பல்லாண்டுகள் இங்கே நடந்தது. வில்லியம் கேரியும் பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்காரும் அக்கல்லூரிக்காக எழுதிய பாடபுத்தகங்களிலிருந்தே அச்சிட்ட வங்காள உரைநடை தலையெடுத்தது. ஆளவந்தவனுக்கு மொழி கற்பிக்கத் தொடங்கிய காரியம் ஆளப்பட்டவனுக்கு இலக்கியமாக விளைந்தது. சரித்திரத்தில் இப்படியும் நடக்கும் என்று பிள்ளைகள் அறியவேண்டும். இன்று காணும் கிரேக்க பாணி முகப்பும், உச்சியில் நிற்கும் மினெர்வா தேவியின் சிலையும் 1880களில் சேர்ந்தவை. நீதி, வாணிபம், விஞ்ஞானம், வேளாண்மை என்ற நான்குக்கும் நான்கு சிலைக் கூட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கிரேக்க தெய்வம் நடுவே உயர்ந்து நிற்க, ஒரு பக்கம் ஓர் ஐரோப்பியனும் மறு பக்கம் ஓர் இந்தியனும் இருப்பார்கள். வேளாண்மைக்கு எங்கிருந்தோ வந்த தேவி அருள் பாலிக்க, இந்திய விவசாயி பக்கத்தில் நிற்கிறான். உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், அதிகம் விளக்கவேண்டாம்.

அந்தக் கட்டடத்தின் எதிரே, பிற்காலத்தில் நிறுத்திய வேறொரு சிலைக் கூட்டம் இருக்கிறது: மூன்று வாலிபர்கள். 1930 டிசம்பர் 8ஆம் நாள், ஐரோப்பிய உடை அணிந்து கனவான்கள்போல் ரைட்டர்ஸ் பில்டிங்கினுள் நுழைந்த பினய் பாசுவும் பாதல் குப்தாவும் தினேஷ் குப்தாவும், அரசியல் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதாகப் பெயர் வாங்கியிருந்த சிறைத்துறைத் தலைவர் கர்னல் சிம்ப்ஸனை அவருடைய அறையிலேயே சுட்டுக் கொன்றனர். பின்னர் நீண்ட தாழ்வாரத்தில் போலீஸாருக்கும் அவர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. தப்ப வழியில்லை என்று கண்டதும் பாதல் விஷம் உண்டு அங்கேயே மாண்டார். பினயும் தினேஷும் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர். பினய் ஐந்து நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். தினேஷைப் பிழைக்கவைத்து, விசாரித்து, 1931 ஜூலை 7ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். மூவரில் மூத்தவரான பினய்க்கே வயது இருபத்திரண்டு. உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைவிட மிகவும் மூத்தவர்கள் அல்லர் அவர்கள்.

கொலை எனப்படும் செயலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் தயங்கலாம், தயங்குவது நியாயமே. அஹிம்சை வழியை ஏற்றவர்களும் அந்த மூவரின் தியாகத்தைப் போற்றினார்கள் என்பதையும், போற்றுவது வேறு, பின்பற்றுவது வேறு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டால் போதும். அதோடு நம் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: இவர்களுடைய பெயரைச் சதுக்கத்துக்கு யார் எப்போது சூட்டினார்கள்? சுதந்திரம் வந்தபின், அந்தக் கட்டடத்திலேயே அமர்ந்து ஆண்ட வங்காள சர்க்கார். ஆக, நம்மவர் நிறுத்திய சின்னமும் அதை நிறுத்திய காலத்தைச் சொல்லத்தான் செய்கிறது. இந்தச் சோதனையை வெள்ளைக்காரன் தூணுக்கு மட்டும் வைத்து, நம் சிலைகளுக்கு விலக்கு அளித்தால், பிள்ளைகள் பாடத்தில் பாதியைத்தான் கற்பார்கள்.

புதிய பெயர் வந்தபோது விலகிய பழைய பெயருக்குரியவரையும் இரண்டு வாக்கியத்தில் அறிமுகப்படுத்துங்கள். 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரலாயிருந்த டல்ஹௌசி பிரபு, ரயிலையும் தந்தியையும் ஒரே விலைத் தபால் தலையையும் கொண்டுவந்தவர். ஆண் வாரிசில்லை என்று சொல்லி சாதாராவையும் ஜான்சியையும் நாகபுரியையும் சேர்த்துக்கொண்டவர். அவர் காலத்தில் 1855இல் தஞ்சை மராட்டிய அரசும் அவ்வாறே முடிந்தது. அதே ஆண்டில் ஆற்காட்டு நவாப் பட்டமும் ஒழிந்தது. தஞ்சைப் பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால், சரஸ்வதி மகால் நூலகத்தைச் சிறப்பித்த சரபோஜியின் மகனோடு அந்த அரசு அற்றுப்போவதற்கான ஆணை, இந்தக் குளத்தைச் சுற்றிய ராஜதானியிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள்.

வடகிழக்கு முனையில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலுக்கு நேரமிருந்தால் போகலாம். 1818இல் திறந்த அந்தக் கோயிலின் இடத்தில் முன்பு பழைய நீதிமன்றம் இருந்தது என்பதற்காகவாவது நின்று பார்க்கலாம். வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் லஞ்சக் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார்மீது பழைய கள்ளப் பத்திர வழக்கொன்று கிளம்ப, நீதிபதி இம்பேயின் முன் அங்கே விசாரணை நடந்து 1775 ஆகஸ்டில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஹேஸ்டிங்ஸும் இம்பேயும் பள்ளித் தோழர்கள் என்பதை மறவாமல் சொல்லுங்கள். அந்த நீதிமன்றம் 1792இல் இடிக்கப்பட்டது. அதற்கு அங்கே ஒரு தூணும் கிடையாது. சின்னம் இல்லாத இடத்தையும் காட்டுவது ஆசிரியருடைய வேலையல்லவா?

தென்கிழக்கில் கரன்ஸி பில்டிங்கைக் கட்டாயம் காட்டுங்கள். 1833இல் எழுந்த இந்தக் கட்டடத்தில்தான் 1935இல் தொடங்கிய ரிசர்வ் பாங்கின் மத்திய அலுவலகம், 1937இல் பம்பாய்க்கு மாறும் வரையில் நடந்தது. 1990களில், பழுதடைந்த கட்டடத்தை இடித்துப் புதியது எழுப்பலாம் என்று சர்க்கார் துறையே கடப்பாரை எடுத்து, நடு மண்டபத்தின் கவிகைகளைத் தகர்த்துவிட்டது. நகரசபையும் மரபுக் காவலர்களும் தடுத்ததால் எஞ்சியது பிழைத்து, தொல்லியல் துறையின் கைக்கு வந்து, பழுது பார்க்கப்பட்டு, 2020இல் பொருட்காட்சிச் சாலையாகத் திறக்கப்பட்டது. கவிகை போன இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. அந்நியன் கட்டிய கட்டடம் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். பணம் கட்டியவன் யார், கல் சுமந்தவன் யார் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். இந்நாட்டு நிலவரிப் பணத்தில், இந்நாட்டுக் கொத்தனாரின் கைகளால் எழுந்தவற்றை அந்நியன் சொத்தென்று நாமே எழுதிக்கொடுப்பானேன்? தூணை இடித்துத் தூளாக்காமல் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பியதனாலன்றோ, அந்தத் தூணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய இன்று நமக்கு வாய்த்திருக்கிறது?

சில நடைமுறைக் குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று சதுக்கம் வெறிச்சென்றிருக்கும். வேலை நாளில், ஆபீஸ் திறக்கும் வேளையில் போனால்தான் அது உயிரோடிருக்கும் இடம் என்று தெரியும். மாநிலச் செயலகம் 2013 அக்டோபரில் பழுதுபார்ப்புக்காக ஹௌராவிலுள்ள நபன்னாவுக்குப் போய்விட்டாலும், பாங்குகளும் ரயில்வே அலுவலகங்களும் கூட்டத்தைக் குறையவிடவில்லை. தபால் நிலையத்தின் வெளியே, வெள்ளைத் துணியில் பொட்டலத்தைச் சுற்றி, கோணி ஊசியால் விளிம்பைத் தைத்து, தையல்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்துக் கொடுக்கும் ஆட்களை இன்றும் காணலாம். பிள்ளைகள் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும். தெருவோரத்தில் மண் குவளையில் தேநீர் கிடைக்கும்; பசிக்குக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் உண்டு. ஒரு காலத்தில் இந்த ஆபீஸ்களின் தட்டச்சு மேஜைகளிலும் சுருக்கெழுத்துக் குறிப்பேடுகளிலும் நம்மூர்க்காரர்கள் ஏராளமாகப் பிழைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய குடும்பங்கள் பல இன்றும் தென் கல்கத்தாவில் இருக்கின்றன. 2024இல் மெட்ரோ ரயிலும் சதுக்கத்தின் அடியில் வந்துவிட்டது. மகாகரண் நிலையத்தில் ஏறினால் ஹூக்ளி நதியின் அடியே புகுந்து சில நிமிஷத்தில் ஹௌரா நிலையம் போய்ச் சேரலாம். பஸ்ஸைக் காத்திருக்கச் சொல்லவேண்டிய தொல்லையும் ஒழிந்தது.

ஊர் திரும்பியபின் செய்யவேண்டிய காரியமொன்றும் உண்டு. பிள்ளைகளிடம் பயணக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ‘காலையில் எழுந்தோம், குளித்தோம், பஸ் ஏறினோம்’ என்று ஐம்பதும் ஒன்றுபோல் வந்து சேரும். அதற்குப் பதிலாக, தத்தம் ஊரிலுள்ள ஒரு சிலையையோ, தூணையோ, கல்வெட்டையோ எடுத்துக்கொண்டு, தாளின் இடப் பக்கம் அது எந்த ஆண்டுச் சம்பவத்தைச் சொல்கிறது என்றும், வலப் பக்கம் அது எந்த ஆண்டில் யாரால் நிறுத்தப்பட்டது என்றும் எழுதச் சொல்லுங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், 1857 கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிய நீல் என்ற தளபதிக்கு மௌண்ட் ரோட்டில் நிறுத்திய சிலை, 1927இல் தேசபக்தர்கள் நடத்திய சத்தியாக்கிரகத்துக்குப் பின், ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் 1937இல் எழும்பூர் மியூசியத்துக்குப் போன கதையைச் சொல்லுங்கள். கல்கத்தாத் தூண் புறப்படுவதற்கு மூன்று ஆண்டு முன்பே நம்மவர் அந்த வழியைக் கண்டுவிட்டனர்.

இடப் பக்கத்தை எவனும் நிரப்பிவிடுவான், கல்லிலேயே எழுதியிருக்கும். வலப் பக்கத்தை நிரப்ப அவன் கிழவர்களைக் கேட்கவேண்டும், நகரசபை ஆபீசுக்குப் போகவேண்டும், பழைய பத்திரிகைகளைப் புரட்டவேண்டும். மதிப்பெண்ணை நீங்கள் வலப் பக்கத்துக்கே கொடுங்கள் என்று மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன் ஒருவன்